மூன்று ஆண்டுகள் வாழ்ந்த கிரகம்

ஆல்ஃபா சென்டாரி பி என்ற நட்சத்திரத்தைச் சுற்றிவந்த கிரகத்தின் ஆயுள் மூன்றே ஆண்டுகள். 2012 அக்டோபரில் 'நேச்சர்' இதழ் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 2015 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, அப்படி ஒரு கிரகமே இல்லை என்றது. கிரகம் வெடித்துச் சிதறவில்லை. நட்சத்திரம் அதை விழுங்கவும் இல்லை. முதலிலிருந்தே அது அங்கே இல்லை.

அறிவித்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஜெனீவாவைச் சேர்ந்த அந்தக் குழுவுக்கு இந்தத் துறையில் ஈடாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களிடம் இருந்தது அன்றைக்கு உலகிலேயே துல்லியமான கருவிகளில் ஒன்று. கணக்கிலும் கூட்டல் பிழை இல்லை. பிறகு எப்படி நேர்ந்தது? நட்சத்திரங்களைச் சுற்றும் சின்னஞ்சிறு கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அந்த அறிவிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த நட்சத்திரத்தைப் பற்றி. நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம் ஆல்ஃபா சென்டாரி. தொலைவு சுமார் 4.4 ஒளியாண்டு, கிலோமீட்டரில் சொன்னால் 41 லட்சம் கோடி. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள். ஏ, பி என்று பெயர். ஒன்றையொன்று சுற்றிவர 80 ஆண்டு ஆகிறது. பிராக்ஸிமா என்ற மங்கலான மூன்றாவது உறுப்பினரும் உண்டு. மே, ஜூன் இரவுகளில் தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே இந்த ஜோடி பளிச்சென்று தெரியும். டெல்லி வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அங்கே அது அடிவானத்தை விட்டு எழுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அது ஒன்றல்ல, இரண்டு என்று முதலில் குறித்து வைத்தவரும் நம் பக்கத்தில் இருந்தவர்தான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார்.

இவ்வளவு அருகில் இருந்தும், அங்கே ஒரு கிரகம் இருந்தால் அதைக் கண்ணால் பார்ப்பது மிகக் கடினம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் கிரகம் மூழ்கிவிடும். எனவே விஞ்ஞானிகள் கிரகத்தைப் பார்ப்பதில்லை, நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பெரிய வட்டம் போடுகிறது. அப்பாவும் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. பின்னால் சாய்ந்து ஒரு சின்ன வட்டம் போடுகிறார். குழந்தை இருட்டில் மறைந்திருந்தாலும், அப்பாவின் தள்ளாட்டத்தை வைத்தே குழந்தை இருப்பதையும் அதன் எடையையும் சொல்லிவிடலாம்.

நட்சத்திரம் தள்ளாடும்போது ஒரு சமயம் நம்மை நோக்கி வருகிறது, ஒரு சமயம் விலகிப் போகிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்ச ஸ்தாயியிலும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதைப் போல, நட்சத்திரத்தின் ஒளியும் வரும்போது நீலத்தின் பக்கமும் போகும்போது சிவப்பின் பக்கமும் இம்மி நகரும். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் ஆயிரக்கணக்கான கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும். பாடநூல்கள் இதற்கு 'ஆரத் திசைவேகம்' என்று பெயர் வைத்திருக்கின்றன. இலக்கணப்படி குற்றமில்லை, கேட்டால்தான் ஒன்றும் புரியாது. 'பார்வைக் கோட்டு வேகம்' என்று சொல்லியிருந்தால் பள்ளிப் பையனுக்குக்கூட விளங்கியிருக்கும். நமக்கு நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாக உள்ள வேகம், அவ்வளவுதான்.

எவ்வளவு வேகம்? வியாழன் நமது சூரியனை விநாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய 12 ஆண்டு. பூமி ஆட்டுவது விநாடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். அதாவது, ஏதோ ஒரு தூர நட்சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு நம் பூமியைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர், 14 லட்சம் கி.மீ. குறுக்களவுள்ள கொதிக்கும் சூரியன் ஆமை வேகத்தில் நகர்வதை, அதுவும் வருடக்கணக்கில், பிசகாமல் அளக்க வேண்டும்.

1995இல் மிஷெல் மேயர், திதியே கெலோஸ் ஆகிய இரு ஜெனீவா விஞ்ஞானிகள் 51 பெகாஸி என்ற நட்சத்திரத்தின் கிரகத்தை இந்த முறையில் கண்டுபிடித்தார்கள். சூரியனை ஒத்த ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுவதாகத் தெரியவந்த முதல் கிரகம் அது. 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது வியாழனில் பாதி நிறையுள்ள ராட்சசக் கிரகம். நட்சத்திரத்தை ஒட்டி உரசிக்கொண்டு நாலே கால் நாளில் சுற்றி முடித்து, நட்சத்திரத்தை விநாடிக்கு 50 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் உலுக்கியது. அவர்களுடைய கருவியால் 13 மீட்டர் வரைதான் பிரித்தறிய முடியும். அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

சின்னக் கிரகங்களுக்கு அது போதாது. 2003இல் சிலியின் லா சியா மலையில், 3.6 மீட்டர் தொலைநோக்கியோடு 'ஹார்ப்ஸ்' என்ற நிறமாலைமானியைப் பொருத்தினார்கள். காற்று நீக்கிய கலத்துக்குள், வெப்பநிலை நூறில் ஒரு டிகிரிகூட மாறாமல் பாதுகாக்கப்படும் கருவி அது. அதன் இலக்கு விநாடிக்கு ஒரு மீட்டர். நாம் சாவகாசமாக நடப்பதைவிடக் குறைந்த வேகம். அந்த வேகத்துக்கு நிறமாலைக் கோடு எவ்வளவு நகரும் தெரியுமா? கருவியின் ஒளியுணர் தகட்டில் உள்ள ஒரு புள்ளியின் அகலத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்குப் பூமியே சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, தன்னைத்தானே சுற்றும் வேகம் வேறு. இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

ஹார்ப்ஸைக் கொண்டு 2008 முதல் 2011 வரை ஆல்ஃபா சென்டாரி பியை 459 தடவை அளந்தது சேவியர் துமுஸ்க் தலைமையிலான குழு. கிடைத்த வேகங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஜோடி நட்சத்திரத்தின் இழுப்பைக் கழித்தார்கள். நட்சத்திரம் சுமார் 38 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும்போது அதன் மேலுள்ள கரும்புள்ளிகள் செய்யும் சேட்டையைக் கழித்தார்கள். பல ஆண்டுக் காந்த ஏற்ற இறக்கத்தையும் கழித்தார்கள். கடைசியில், 3.24 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஒரு மெல்லிய துடிப்பு மிஞ்சியது. வேகம் விநாடிக்கு 51 செ.மீ. கைக்குழந்தை தவழும் வேகம்.

அதுதான் கிரகம் என்றார்கள். நிறை பூமியைப்போல் குறைந்தது 1.13 மடங்கு. நட்சத்திரத்திலிருந்து 60 லட்சம் கி.மீ. தூரம். அந்தத் துடிப்பு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்று என்று கணக்கும் காட்டினார்கள். விதிமுறைப்படி கிரகத்துக்கு 'ஆல்ஃபா சென்டாரி பி.பி.' என்று பெயர் வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செய்தி உலகம் முழுவதும் பரவியது. மொழிபெயர்ப்பாளனாக எனக்கு இங்கே ஒரு மனக்குறை உண்டு. ஆங்கிலத்தில் ஆய்வாளர்கள் எழுதியது 'பூமியின் நிறை கொண்ட கிரகம்' என்று. இந்த மாதிரி வாசகம் பத்திரிகைத் தலைப்புக்குப் போகிற வழியில் 'பூமி போன்ற கிரகம்' ஆகிவிடுகிறது. இன்னும் இரண்டு நாளில் 'இன்னொரு பூமி'. நிறை ஒன்றாக இருப்பதால் மட்டும் பூமி ஆகிவிடுமா? வெள்ளியின் நிறை பூமியில் ஐந்தில் நான்கு பங்கு. அங்கே தரையில் ஈயம் உருகி ஓடும் வெப்பம். ஆல்ஃபா சென்டாரி பி.பி. இருந்திருந்தால் அதன் மேல்பரப்பு 1,200 டிகிரி செல்சியஸில் தகித்திருக்கும். 'குறைந்தது' என்ற சொல்லும் வழியில் தொலைந்துவிடும். அது அலங்காரச் சொல் அல்ல. கிரகத்தின் பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இந்த முறையில் தெரியாது. நமக்கு நேராக வருகிற வேகம் மட்டுமே அகப்படும்; குறுக்கே போகிற வேகம் அகப்படாது. எனவே கிடைப்பது கீழ்வரம்பு. உண்மை நிறை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

விஷயத்துக்கு வருவோம். சந்தேகம் அடுத்த ஆண்டே கிளம்பியது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்ட்டி ஹாட்ஸெஸ் அதே 459 அளவீடுகளை எடுத்து, நட்சத்திரத்தின் சேட்டைகளை வேறு விதமாகக் கழித்துப் பார்த்தார். ஒரு முறையில் கிரகம் தெரிந்தது. இன்னொரு முறையில் மங்கிப்போனது. கழிக்கும் விதத்தைப் பொறுத்து மாறினால் அது கிரகத்தின் லட்சணம் அல்ல.

முடிவுகட்டியது 2015இல் வினேஷ் ராஜ்பால், சூசன் ஏக்ரெய்ன், ஸ்டீஃபன் ராபர்ட்ஸ் ஆகிய மூவர். அவர்கள் செய்த சோதனை எளிமையானது, அழகானது. கம்ப்யூட்டரில் ஒரு பொய் நட்சத்திரத்தை உருவாக்கினார்கள். அதற்குக் கரும்புள்ளி உண்டு, சுழற்சி உண்டு, கிரகம் மட்டும் கிடையாது. துமுஸ்க் குழு நிஜ நட்சத்திரத்தை எந்தெந்த நேரத்தில் அளந்ததோ, அதே நேரங்களில் இந்தப் பொய் நட்சத்திரத்தையும் 'அளந்து', அதே முறையில் கழித்துக்கொண்டே வந்தார்கள். இல்லாத கிரகம் வந்து நின்றது. அதே 3.24 நாள் துடிப்பு!

துடிப்பின் மூலம் வானத்தில் இல்லை. அளந்த அட்டவணையில் இருந்தது. பகலில் அளக்க முடியாது. மேகம் இருந்தால் முடியாது. வருடத்தில் சில மாதங்கள் நட்சத்திரம் சூரியன் பக்கம் போய்விடும். தொலைநோக்கியை மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். எனவே அளவீடுகளுக்கு இடையே ஒழுங்கற்ற இடைவெளிகள் இருக்கும். அந்த ஒழுங்கின்மைக்குள்ளும் ஒரு தாளம் ஒளிந்திருக்கும். செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே கோயிலுக்குப் போகிறவர், அங்கே என்றைக்கும் கூட்டம்தான் என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் பெரிய சேட்டைகளைக் கழித்த பிறகு, அட்டவணையின் தாளம் மட்டும் தனித்துக் கேட்டது. ஐயாயிரத்தில் ஒன்று என்ற கணக்கோ, மிச்சமிருப்பது தாறுமாறான இரைச்சல் என்ற அனுமானத்தின் மேல் நின்றது. அனுமானம் சரிந்ததும் கணக்கும் சரிந்தது.

துமுஸ்க் முரண்டுபிடிக்கவில்லை. நல்ல ஆய்வு, கிரகம் அநேகமாக அங்கே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இதைவிட முக்கியம், அவருடைய குழு அளவீடுகளை எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டிருந்தது. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அந்தக் கிரகம் இன்றும் பாடநூல்களில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தத் துறையின் சிக்கல் இதுதான். கருவிகள் மேம்பட்டுக்கொண்டே போகின்றன. சிலியின் பரனால் மலையில் 2018 முதல் இயங்கும் 'எஸ்ப்ரெஸ்ஸோ' விநாடிக்கு 10 செ.மீ. துல்லியத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. (காப்பியின் பெயர்தான்; விஞ்ஞானிகளுக்கும் ராக்கண் விழிக்க வேண்டியிருக்கிறதே.) ஆனால் நட்சத்திரம் சும்மா இருப்பதில்லை. சூரியனின் மேல்பரப்பு உலைநீர் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குமிழும் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. அகலம், மேலே வருவதும் கீழே போவதும் விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில். போதாததற்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல்பரப்பு விம்மித் தணிகிறது. கரும்புள்ளி செய்வது இன்னும் தந்திரமான வேலை. சுழலும் நட்சத்திரத்தின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறு பாதி விலகுகிறது. வருகிற பாதியில் ஒரு கரும்புள்ளி உட்கார்ந்து கொஞ்சம் ஒளியை மறைத்தால், மொத்தத்தில் நட்சத்திரமே விலகிப்போவது போலத் தெரியும். புள்ளி மறு பாதிக்குப் போனதும் நட்சத்திரம் நெருங்குவது போலத் தெரியும். கிரகம் செய்வதும் இதையேதான்.

இதில் ஏமாந்தது ஜெனீவாக்காரர்கள் மட்டுமல்ல. உயிர் வாழத் தக்க வெப்பம் உள்ளதாக 2010இல் அமெரிக்கக் குழு ஒன்று அறிவித்த கிளீஸ் 581 ஜி, 2014இல் நட்சத்திரச் சுழற்சியின் மாயை என்று ஒதுக்கப்பட்டது. பார்னார்டு நட்சத்திரத்துக்கு 233 நாளில் சுற்றும் ஒரு கிரகம் இருப்பதாக 2018இல் வந்த அறிவிப்பும் 2021இல் அடிபட்டது.

அடிபட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2016இல் பிராக்ஸிமாவின் கிரகத்தைத் தேடியவர்கள், இரண்டு மாதத்துக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் ஹார்ப்ஸால் அளந்தார்கள். அட்டவணையில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளத்தான். அதே சமயம் சிறு தொலைநோக்கிகள் நட்சத்திரத்தின் பிரகாசம் மாறுகிறதா என்று காவல் காத்தன. 11.2 நாளில் சுற்றிவரும், பூமியைப்போல் குறைந்தது 1.3 மடங்கு நிறையுள்ள கிரகம் அகப்பட்டது. 2020இல் எஸ்ப்ரெஸ்ஸோவும் தனியாக அளந்து ஆமாம் போட்டது. இது மறைந்துபோகவில்லை. பார்னார்டு நட்சத்திரத்திலும் விட்ட இடத்தில் பிடித்தார்கள். 2024இல் ஒன்று, 2025இல் ஹவாயிலுள்ள இன்னொரு கருவியின் உதவியோடு மொத்தம் நான்கு. நான்குமே பூமியைவிட நிறை குறைந்தவை. எதற்கும் ஒரு வருடம் என்பது ஏழு நாளைத் தாண்டவில்லை. இரண்டும் சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பா ஒல்லியாக இருந்தால் குழந்தை இழுக்கிற இழுப்பில் அதிகமாகத் தள்ளாடுவார். சூரியனைப் போன்ற கனமான நட்சத்திரத்தை, பூமியைப் போன்ற தூரத்தில், பூமியைப் போன்ற எடையோடு சுற்றும் ஒரு கிரகத்தை இந்த முறையில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தியாவும் இந்த ஆட்டத்தில் உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக் கூடத்தின் 'பாரஸ்' நிறமாலைமானி ராஜஸ்தானில் மவுண்ட் அபுவின் குருசிகரத்தில் இருக்கிறது. வெறும் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தியிருந்த இந்தக் கருவியால், 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கிரகத்தை அபிஜித் சக்ரவர்த்தி குழு எடைபோட்டு 2018இல் அறிவித்தது. பூமியைப்போல் 27 மடங்கு. அந்தக் கிரகம் நட்சத்திரத்தின் குறுக்கே போவதை அமெரிக்காவின் கெப்ளர் விண்கலம் முன்பே பார்த்திருந்தது. எடை சொன்னது மவுண்ட் அபு. சாட்சிகள் இருவர், முறைகள் இரண்டு; இந்த மாதிரி கிரகம் அவ்வளவு சுலபத்தில் காணாமல் போகாது. இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 வேலை செய்கிறது.

துமுஸ்க் என்ன ஆனார்? அவர் சூரியன் பக்கம் திரும்பினார். கேனரி தீவுகளில் ஹார்ப்ஸின் இரட்டைப் பிறவியான ஒரு நிறமாலைமானி உண்டு. இரவில் நட்சத்திரங்களைப் பார்க்கும் அந்தக் கருவிக்குப் பகலில் வேலை கொடுக்க, கைக்கடக்கமான ஒரு தொலைநோக்கியை அமைத்துச் சூரிய ஒளியை உள்ளே அனுப்ப ஏற்பாடு செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 2015 முதல் அது சூரியனை ஒரு தூர நட்சத்திரம் போலவே அளந்து வருகிறது. சூரியனைச் சுற்றும் கிரகங்கள் எவை, எவ்வளவு இழுக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவது முழுக்கச் சூரியனின் சேட்டை. அதைப் படித்துவிட்டால் மற்ற நட்சத்திரங்களின் சேட்டையையும் அடையாளம் காணலாம். பொய்க் கிரகங்களும் நிஜக் கிரகங்களும் கலந்த கம்ப்யூட்டர் அளவீடுகளைப் பல குழுக்களுக்கு அனுப்பி, 'எது எது நிஜம், சொல்லுங்கள்' என்று ஒரு பரீட்சையும் வைத்தார். கிரகத்தை இழந்தவர் கேள்வித்தாள் தயாரிப்பது பொருத்தம்தான்.

ஆல்ஃபா சென்டாரி பிக்கு இன்றுவரை உறுதியான கிரகம் எதுவும் இல்லை. அதன் ஜோடியான ஏயின் அருகே ஒரு ராட்சசக் கிரகம் போன்ற ஒளிப்புள்ளியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் படம்பிடித்தது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தபோது அது தென்படவில்லை. நட்சத்திரத்துக்கு மிக அருகே போய் மறைந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தத் தடவை அவர்கள் 'கிரகம்' என்று சொல்லவில்லை. 'கிரகமாக இருக்கக்கூடியது' என்கிறார்கள். பியைப் பொறுத்தவரை, கிரகம் காணாமல் போன சமயத்தில்தான் இரண்டு நட்சத்திரங்களும் வானத்தில் மிக நெருங்கியிருந்தன. ஒன்றின் ஒளி மற்றதன் அளவீட்டில் கலந்து கெடுத்தது. இப்போது அவை மெல்ல விலகிக்கொண்டிருக்கின்றன.